அத்தை தேடிய கொலைகாரன்

என் மாமியார் வீட்டுப் பலகைச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. எலுமிச்சம்பழம் ஒன்று தாராளமாக நுழையும். பலகையில் இருந்த கணு எப்போதோ கழன்று விழுந்துவிட்டதாம். பழைய கைலித் துணியைச் சுருட்டி அதில் அடைத்து வைத்திருந்தார் அத்தை. நீலமும் பழுப்புமாகக் கட்டம் போட்ட துணி. வியாழக்கிழமை மாலையில் மட்டும் அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொள்வார். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்கா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். தொலைக்காட்சித் தொடர் தொடங்கப் போகிறது, அவரவர் வீட்டில் பார்த்தபடியே ஓட்டை வழியாகப் பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் மலேசியாவில், மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் வளர்ந்தவள். கடையும் வீடும் ஒட்டிக்கொண்டு, வாசலில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும் தெரு எங்களுடையது. அங்கிருந்து மெர்லிமாவுக்கு உட்புறம் இருந்த ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு மருமகளாகப் போனேன். கணவர் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டினார். விடிவதற்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அத்தை மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். பேச்சைக் கிள்ளித்தான் வைப்பார். "சாப்டியா?" என்பார். "சாப்டேன் அத்தை" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். கடுமையானவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நான் ஒரு விருந்தாளியா, வீட்டுக்காரியா என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்கக்கூடத் தயங்கினேன். தொலைக்காட்சி பார்க்கும்போதும் சமையலறை வாசற்படியில்தான் உட்காருவேன். கூப்பிட்டால் எழுந்து போக அதுதான் வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தொடர் ஒரு கொலைக் கதை. மர அறுவை ஆலை முதலாளி ஒருவர், உள்ளே தாழிட்ட அறையில் இறந்து கிடப்பார். மகன்கள், தம்பி, கணக்குப்பிள்ளை, காவல்காரர் என்று எல்லார் மீதும் சந்தேகம். இன்ஸ்பெக்டர் ஒருவர் அதிகம் பேசாமல், மீசையைத் தடவியபடியே எல்லாரையும் முறைத்துப் பார்ப்பார். அத்தைக்கு அவரைப் பிடித்துப் போயிருந்தது. முதல் வாரத்திலேயே, "கணக்குப்புள்ளதான். அவன் முழியே சரியில்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சுதான். கங்காணிகூட மூத்த மகன் மேல்தான் சந்தேகப்பட்டாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாரம் இன்ஸ்பெக்டர் காணாமல் போனார். விடுப்பில் ஊருக்குப் போய்விட்டாராம். கொலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்தவரின் இளைய மகனுக்கு அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த பெண் ஒருத்தி, அதுவரை மூலையில் நின்று காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவள், அவளையே கேமரா சுற்றிச் சுற்றி வந்தது. துக்க வீட்டில் அவள் புளிப்பானையைத் தேடுகிறாள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு டின்னாகத் திறந்து மூடுகிறாள். மாமனாரின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கொல்லையில் மிளகாய் காய வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் இன்ஸ்பெக்டர் வரவில்லை.

தோட்டம் கொந்தளித்துவிட்டது என்றே சொல்லலாம். கதை நகரவில்லை, காசுக்காக இழுக்கிறார்கள் என்பது அத்தையின் கட்சி. பெரட்டில் அதற்குத்தான் ஆள் அதிகம். அடுத்த வீட்டு அக்கா வேறு கட்சி. சும்மா காட்ட மாட்டார்கள், இதற்குள் ஏதோ துப்பு ஒளிந்திருக்கிறது, அந்தப் பெண்தான் கொலைகாரியாகக்கூட இருக்கலாம் என்று அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது கட்சியில் நான் ஒருத்திதான். துப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவள் அந்தப் புளியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. ஆனால் என் கட்சி வாயே திறக்கவில்லை. விளம்பரம் வந்ததும் அத்தையும் அக்காவும் ஓட்டை வழியாக வாதாடுவதை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படி ஒரு வியாழக்கிழமை அத்தை வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். திரையில் மறுபடியும் மிளகாய். விளம்பரம் வந்ததுதான் தாமதம், அத்தை பொரிந்து தள்ளினார்.

"புளியத் தேடுறா, மொளகாய காய வக்கிறா. இதுக்கா நான் வேலக்காட்டுலேர்ந்து ஓடியாறேன்? கொன்னவன் ஜாலியா சுத்திக்கிட்டு இருக்கான்!"

"இருங்க பெரியம்மா," என்றது சுவர். "அவ கையப் பாத்தீங்களா? மொளகாய ஒண்ணொண்ணா எடுத்து வக்கிறா. அதுல என்னமோ இருக்குலா."

"ஒரு மண்ணும் இல்ல. இவளத் தூக்கிட்டா கத சுருக்கா முடிஞ்சிரும். யாருக்கு வேணும் இவ?"

"எனக்கு வேணும்!"

என் குரல்தான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் திறந்த வாயை மூட முடியவில்லை. "அவ அந்த வூட்டுல எப்படி இருக்கப் போறான்னு நான் பாக்கணும். ஒங்களுக்குப் பொறும இல்லன்னா கண்ண மூடிக்குங்க அத்தை!"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து, நிதானமாகச் சுருட்டி, ஓட்டையில் அடைத்தார். தொடர் பாதியில் இருக்கும்போது அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. மீதிக் கதையை நாங்கள் இருவரும் ஊமைகளாகப் பார்த்து முடித்தோம்.

மறுநாள் "சாப்டியா?" என்ற கேள்வியும் நின்றுபோனது. தன் தேநீரைத் தானே கலக்கிக் குடித்தார். நானும் வீம்புக்குக் குறைந்தவளில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொல்லையில் துணி துவைத்தேன். கணவர் என்ன ஏதென்று விசாரித்து, விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டிவிய வித்துப்புடுறேன், ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். அதற்கு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தோம். ஆனாலும் பேசிக்கொள்ளவில்லை. இரவில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து, திறந்த முதல் தடவையே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று நினைப்பேன். இனி இந்த வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது என்று பயமாகவே இருந்தது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு வீட்டுப் பாத்திரம் விழுந்தால் மறு வீட்டில் எடுத்து வைப்பார்கள். மாமியார், மருமகள் பேச்சுவார்த்தை இல்லை என்பது எத்தனை நேரம் மறைந்திருக்கும்? கடைசி வீட்டு அம்மா கண் பரிசோதனைக்கு மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போனவர், போகிற போக்கில் தெங்கேராவில் என் அப்பா வேலை பார்த்த மளிகைக் கடையில் எட்டிப் பார்த்திருக்கிறார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிஸ்கட் டின் ஒன்றை அணைத்துக்கொண்டு அப்பா வாசலில் வந்து நின்றார்.

தண்ணீர் குடித்து முடித்ததும், "கேள்விப்பட்டேன்" என்றார் அப்பா. "என்ன பிரச்சனன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று நாள் கழித்து அப்போதுதான் நேராகப் பார்க்கிறோம். பெண்ணைக் கொடுத்தவர் பேருந்து மாறி, வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் மிளகாய் காய வைத்ததற்குச் சண்டை, அதுவும் தொலைக்காட்சியில் என்று எந்த வாயால் சொல்வது? அத்தைதான் முந்திக்கொண்டார். "கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு சம்பந்தி. நான் ஒரு வார்த்த சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"ஆமாப்பா," என்றேன் நான். "நான்தான் கூடப் போட்டுட்டேன்."

மாமியாரும் மருமகளும் உப்புக்குச் சண்டை போடுவது கௌரவமான விஷயம். ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அப்பா பத்து வருடமாக என் சமையலைச் சாப்பிட்டவர். "இவ எப்பவும் உப்பு கம்மியாத்தானே போடுவா" என்று முணுமுணுத்தார். முகம் இறுகிவிட்டது. எதையோ மறைக்கிறார்கள், விஷயம் பெரிது என்று முடிவு கட்டிவிட்டார். "சரி, ஒரு ரெண்டு வாரம் வூட்டுல வந்து இருக்கட்டும். மாப்பிள்ளகிட்ட நான் பேசிக்கிறேன். பையில துணிய எடுத்து வைம்மா, அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்."

மாட்டேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. போ என்றாலும் இரு என்றாலும் அத்தைதானே சொல்ல வேண்டும்? மெல்ல எழுந்து அறைப் பக்கம் திரும்பினேன்.

"ரெண்டு வாரமா?" என்றார் அத்தை பின்னாலிருந்து. "அப்ப வியாழக்கெழம?"

அப்பாவுக்குப் புரியவில்லை. அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். அவர் மொத்தமாக அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

"உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல சம்பந்தி. டிவி கதைக்குச் சண்ட போட்டோம். சொல்ல வெக்கமா இருந்துச்சு. இந்தப் புள்ள வந்த நாளா வாசப்படியிலயே குந்திக்கிட்டு இருக்கும். சிரிக்குதா, அழுவுதா, ஒண்ணும் தெரியாது. எங்கிட்ட வாயத் தொறந்து பேசுனதே அன்னிக்குத்தான். எனக்கும் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு, நீங்க கூட்டிட்டுப் போயிட்டா நான் யாரோட சண்ட போடுறது?"

என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிஸ்கட் டின்னை மெதுவாகக் கீழே வைத்தார். "எந்தக் கத? அந்தப் புளியத் தேடுறாளே, அதுவா?" என்றார்.

"அதேதான்" என்றார் அத்தை.

"ரொம்ப இழுக்குறான் சம்பந்தி. எங்க கடையிலயும் எல்லாரும் திட்டுறாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே!" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. "அதுல துப்பு இருக்கு!" அக்கா தொடக்கத்திலிருந்து துணி அடைத்த ஓட்டையில் காதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அத்தை எழுந்து துணியைப் பிடுங்கினார். ஐந்து மணிப் பேருந்தை அப்பா கோட்டைவிட்டார். இருட்டுவதற்குள் வந்த அடுத்ததில் தனியாகப் போனார்.

அந்த வியாழக்கிழமை நான் பழையபடி வாசற்படியில் உட்காரப் போனேன். "அங்கேர்ந்து பாத்தா என்ன தெரியும்? இங்க வா" என்றார் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. அத்தையின் பிரம்பு நாற்காலி சுவரோரமாக நகர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பெண் புளிப்பானையைக் கண்டுபிடித்தாள். அடுப்புக்கு மேல் பரணில் இருந்தது. நான் கை தட்டிவிட்டேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் விடுப்பு முடிந்து வந்தார், கதை வேகம் பிடித்தது, கடைசியில் கணக்குப்பிள்ளை கையில் விலங்கு விழுந்தது. மிளகாயில் எந்தத் துப்பும் இல்லை. அந்த வாரங்கள் எல்லாம் கொலைக்குச் சம்பந்தமே இல்லாதவை. அக்காவுக்குப் பெரிய ஏமாற்றம். அத்தை சொன்னதுதான் நடந்தது. அவர் தோட்டம் முழுக்கப் பீற்றிக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ திரையில் எழுத்துகள் ஓடி முடியும் வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சரி, புடிச்சிட்டான். அந்தப் புள்ள என்ன ஆனா?"

"காட்டல அத்தை. முடிஞ்சிருச்சு."

"அதெப்படி காட்டாம வுடலாம்? புளி எங்க இருக்குன்னு இப்பத்தானே அவளுக்குத் தெரிஞ்சிச்சு?"

தோட்டத்து வீட்டை விட்டு நாங்கள் மெர்லிமாவில் ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், கல்வீடு வாங்கி வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அடுத்த வீட்டு அக்கா தன் மகனோடு கோலாலம்பூர் பக்கம் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்தால் இன்னமும் மிளகாயைப் பற்றிப் பேசுவார். என் மகள் ஒரு தொடரை இரண்டே நாளில் பார்த்து முடிக்கிறாள். மெதுவாகப் போகும் இடங்களை விரலால் தள்ளிவிட்டுவிடுகிறாள். நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. மூட்டு வலி, கூடத்தில் வெகுநேரம் உட்கார முடியாது. கூடத்தை ஒட்டிய அறையில் படுத்தபடியே, நான் பார்க்கும் தொடரைக் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் இருப்பது செங்கல் சுவர், ஓட்டைக்கு வழியில்லை. அறைக் கதவு மட்டும் மின்விசிறிக் காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும். நேற்று மாலையும் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"போலீஸ் வந்துட்டாங்க அத்தை. இன்னிக்குக் கண்டுபுடிச்சிருவாங்க போல."

"அது கெடக்கட்டும். வூட்டுல உள்ளவங்க என்ன பண்றாங்க?"

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். கணவரின் பழைய கைலியில் கிழித்த துண்டு ஒன்றை மடித்துக் கதவடியில் செருகினேன். பிறகு ஒலியைக் குறைத்துவிட்டு, அந்த வீட்டு மருமகள் என்ன குழம்பு வைக்கிறாள் என்று அத்தைக்குச் சொல்லத் தொடங்கினேன்.