கிழக்குக் காற்று கரைக்குத் தள்ளும்

ஏசி பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இங்கே வாடிக்கையாளர்கள் நமக்காக வாசலில் காத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். காலையிலேயே குறுஞ்செய்தி வந்துவிடும்: "வெளி யூனிட் வீட்டின் கிழக்குச் சுவரில் இருக்கிறது. பக்கக் கதவைத் திறந்துகொள். நாய் கடிக்காது." நாயைச் சமாளித்துவிடுவேன். இந்தக் கிழக்குதான் என் உயிரை வாங்குகிறது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடல் இருக்கும் பக்கத்துச் சுவரில் போய் நிற்பேன். அங்கே யூனிட் இருக்காது, ரோஜாச் செடி இருக்கும். ஒருமுறை வீட்டுக்காரக் கிழவி ஜன்னலைத் திறந்து, "அது மேற்கு, கண்ணா" என்றாள். மானமே போயிற்று. கோட்டூர்புரத்தில் பிறந்தவனுக்குத் திசை சொல்லித் தர வேண்டுமா? அடையாறோ தி. நகரோ, கண்ணைக் கட்டி விட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியும். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. அவ்வளவுதான் நம்முடைய பூகோளம். இங்கே கடல் மேற்கில் கிடக்கிறது. ஏழு வருடமாக அது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. மேற்கு மாம்பலத்துக்காரியான என் மனைவி கவிதா, "உங்கள நம்பி வாஸ்து பாத்தா வீடு வெளங்கிடும்" என்று சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். போன தை மாதம் வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் நண்டு. பட்டினப்பாக்கத்தில் என் அம்மா அரை மணி நேரம் பேரம் பேசி வாங்குவாளே, அதே நீலக்கால் நண்டு கோடையில் இங்கேயும் கிடைக்கிறது. கடையில் வாங்கினால் ஐஸில் விறைத்துக் கிடக்கும். உயிரோடு வேண்டுமென்றால் நீங்களே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இங்குள்ளவர்கள் கயாக் என்ற பிளாஸ்டிக் தோணியில் போய், வளைய வலையில் கோழிக் கழுத்தைக் கட்டிக் கடலில் இறக்கி, கால் மணி நேரம் கழித்துத் தூக்குகிறார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு கிரேக், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு பேர் உட்காரும் தன் பழைய கயாக்கையும் இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் சும்மாவே கொடுத்துவிட்டார். கூட வர ஆள் வேண்டும். சலீமைப் பிடித்தேன். மயிலாப்பூர் பஜார் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மெத்தை தைக்கும் குடும்பம் அவனுடையது. ஐடிஐ-யில் என்னோடு ஒரே பெஞ்சு. "வாடா, இங்க வேலை கீது" என்று நான் கூப்பிட்ட ஒரே வார்த்தைக்காக இந்த நாட்டுக்கு வந்தவன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. நீச்சல் தெரியாது. எனக்கும் பெரிதாகத் தெரியாது. அடையாற்றங்கரையில் வளர்ந்தவன் என்று பெயர்தான். அந்தத் தண்ணீரில் இறங்கி எவன் நீச்சல் பழகுவான்?

அன்று சனிக்கிழமை, காலை ஆறு மணி. கயாக்கைக் கார் மேல் கட்டிக்கொண்டிருந்தபோது கிரேக் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஈஸ்டர்லி பலமா இருக்கு. நானா இருந்தா போக மாட்டேன்" என்றார். ஈஸ்டர்லி என்றால் கிழக்கிலிருந்து வரும் காற்று. அதைக் கேட்டு எனக்குள் நிம்மதிதான் வந்தது. நாம் எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற மாதிரி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். நான் போகவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டாராம், பிறகு சொன்னார். கடற்கரையில் சலீம் ஒரு நிமிடம் தயங்கினான். ஓரத்து மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"இன்னா மச்சி, காத்து ஜாஸ்தியா கீதே?"

"கெழக்கு காத்துடா. போட்டே கவுந்தாலும் கரைக்குத்தான் தள்ளும். பயந்தாங்கொள்ளி, ஏறு" என்றேன்.

என் வாயால் சொன்ன வார்த்தை இது. இன்றைக்கும் காதில் கேட்கிறது.

கடல் அத்தனை அமைதியாக இருந்தது. கரையோரம் ஓர் அலை இல்லை. தோணி தானாகப் போயிற்று. துடுப்புப் போட வேண்டிய வேலையே இல்லை, சும்மா தண்ணீரைத் தொட்டால் போதும். "நமக்கு இந்த வேலை கைவந்துடுச்சு நைனா" என்று சலீம் பாட்டு பாட ஆரம்பித்தான். நண்டு கடித்துவிடும் என்று பயந்து கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான், அதை வைத்து அவனைக் கிண்டல் செய்தேன். மூன்று வலை இறக்கினோம். முதல் வலையிலேயே நான்கு நண்டு. இரண்டாவதில் ஆறு. அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் திரும்பிக் கரையைப் பார்க்கவே இல்லை. பார்த்தபோது கார் நிறுத்தும் இடம் தெரியவில்லை, மரங்கள் கொத்துமல்லிக் கட்டு அளவுக்குச் சிறுத்திருந்தன. அங்கே நீர் அமைதியாகவும் இல்லை. சின்னச் சின்ன அலைகள் பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்தன. கடைசி வலையை எடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றேன். வலை கனத்தது. சலீம் வலது பக்கம் குனிந்து இழுத்தான். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நானும் அதே பக்கம் குனிந்தேன். முட்டாள்தனம். ஓர் அலை இடப்பக்கம் தூக்கியது. அடுத்த நொடி வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

மேலே வந்து பார்த்தால் கயாக் குப்புறக் கிடக்கிறது. துடுப்பு ஒன்று எட்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் இரண்டு கைபேசியையும் போட்டு வைத்த பிளாஸ்டிக் டப்பா காற்றில் எங்களைவிட வேகமாக ஓடுகிறது. சலீம் தலை தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது. "கால் மச்சி, கால புடிச்சி இழுக்குது" என்று கத்தினான். வலையின் கயிறு அவன் கணுக்காலில் சுற்றியிருந்தது. வலையின் இரும்பு வளையம் கீழே தொங்கி அவனை இழுக்கிறது. லைஃப் ஜாக்கெட் மேலே தூக்குகிறது, வலை கீழே இழுக்கிறது, ஒவ்வோர் அலையும் அவன் முகத்தைத் தாண்டிப் போகிறது. என் லைஃப் ஜாக்கெட்டோடு என்னால் முங்க முடியவில்லை. அவன் சட்டையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, தடவித் தடவிக் கயிற்றைத் தேடினேன். முடிச்சு இறுகிவிட்டது. இரண்டு முறை மேலே வந்து மூச்சு வாங்கினேன். மூன்றாவது முறை என் கையில் ஷூ தட்டுப்பட்டது. கயிறு ஷூவின் மேல்தான் சிக்கியிருந்தது. நாடாவை அறுக்கிற மாதிரி பிய்த்து ஷூவோடு சேர்த்து உருவினேன். ஷூவும் வலையும் அதிலிருந்த நண்டும் ஒன்றாகக் கீழே போயின.

இரண்டு பேரும் கவிழ்ந்த கயாக்கின் மேல் கையைப் போட்டுத் தொங்கினோம். நிமிர்த்திப் பார்த்தோம். நான் ஏறினேன், சலீமை இழுத்தேன், மறுபடியும் கவிழ்ந்தது. அதற்கு மேல் அவனுக்குத் தெம்பில்லை. சரி, பரவாயில்லை, கிழக்குக் காற்று, எப்படியும் கரையில் ஒதுக்கிவிடும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மரங்கள் கொத்துமல்லிக் கட்டிலிருந்து ஒரு பச்சைக் கோடாகிவிட்டன. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பட்டினப்பாக்கத்தில் நண்டு விற்கும் செல்வியக்கா ஒருநாள் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா, "இன்னாடி, கடல் தயிரு மாதிரி கெடக்குது, நண்டு இல்லன்ற?" என்று சண்டைக்குப் போனாள். செல்வியக்கா எரிந்து விழுந்தாள். "மேக்காத்து அடிக்குது, கண்ணு தெர்ல? தரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கிற காத்து. கரையில தயிராத்தான் கெடக்கும், உள்ள போனா வுடாது, இட்டுக்கினே போய்டும். கெழக்கு காத்துன்னா கவுந்தாலும் கரைக்குத் தள்ளும்." அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. பட்டினப்பாக்கத்தில் தப்பில்லை. அதில் பாதியை மட்டும் மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்தவன் நான்தான். இங்கே கிழக்கில் இருப்பது தரை. இந்தக் கிழக்குக் காற்று எங்களைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"மச்சி, கரை தூரமா போவுதே" என்றான் சலீம்.

நான் அவன் ஜாக்கெட்டைப் பிடித்துக் கயாக்கோடு சேர்த்து இழுத்துக்கொண்டேன்.

"நீதானேடா கரைக்குத் தள்ளும்ன?"

"தப்பா சொல்ட்டேன்டா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, "இப்டியே போனா மெட்ராஸ் வந்துருமா?" என்றான். சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அவன் உதடு நீலமாக இருந்தது. அதன் பிறகு மெதுவாகக் கலிமா சொல்ல ஆரம்பித்தான். உயிர் பிரியும் நேரத்தில் சொல்வது என்று அவன் வீட்டில் ஒரு சாவின்போது கேட்டிருக்கிறேன். "அத இப்ப சொல்லாதடா, டேய், வேணாண்டா" என்று கத்தினேன். "பயப்படாத, சும்மாவும் சொல்லலாம்" என்றான். நான் முண்டகக்கண்ணியம்மனைக் கூப்பிட்டேன். அந்தக் கடலில் மிதந்துகொண்டு மயிலாப்பூர் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட இதை என் ஊர் என்று ஒத்துக்கொள்ளாதவன் நான். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, செத்தால் சென்னையில்தான் என்று வசனம் பேசியவன். அன்றைக்கு அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்து, என்னை அங்கே சேர்த்துவிடு தாயே, எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாதே என்று கெஞ்சினேன். சலீமின் கை நழுவிக்கொண்டே இருந்தது. அவன் லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைக் கயாக்கின் கைப்பிடியில் நுழைத்து என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். இவனைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். இவன் இல்லாமல் கரைக்குப் போய் அவன் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

ஓர் அலுமினியப் படகுதான் எங்களைப் பார்த்தது. வயதான கணவனும் மனைவியும், மீன் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். கயாக்கின் மஞ்சள் அடிப்பக்கம் அந்த அம்மாள் கண்ணில் பட்டிருக்கிறது. முதலில் சலீமைத் தூக்கினார்கள், மூட்டையைப் போல விழுந்தான். "இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "ஈஸ்டர்லி, ஈஸ்டர்லி" என்று காரணம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஈஸ்டர்லின்னு தெரிஞ்சேவா வந்தீங்க?" என்றாள். இதற்கு எந்த மொழியில் விளக்கம் சொல்வது? தலையை ஆட்டினேன்.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. சலீமுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம், ஆனால் பிழைத்துக்கொள்வான் என்று சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது முகமூடியை விலக்கி, "அம்மிக்கு சொல்லாத மச்சி" என்றான். அம்மி என்று அவன் தன் அம்மாவைத்தான் சொல்வான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஆம்புலன்ஸ் பெண் என்மேல் வெள்ளிக் காகிதம் போன்ற போர்வையைச் சுற்றிவிட்டுத் தன் கைபேசியை நீட்டினாள். வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றாள். வீடு கார் ஓட்டத்தில் பத்து நிமிடம். கவிதாவின் எண் என்ன? யோசித்தேன், யோசித்தேன், ஓர் இலக்கம்கூட வரவில்லை. அவள் பெயரைத் தட்டியே பழகியவன், எண்ணை நான் படித்ததே இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஓர் எண்தான். ஐடிஐ விண்ணப்பம், பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொன்றிலும் எழுதி எழுதிக் கைக்கு ஏறிய அம்மாவின் எண். கோட்டூர்புரத்தில் அப்போது காலை எட்டு மணி இருக்கும். அழைத்தேன்.

"யாரு?"

"கொமாரும்மா. போன் தண்ணில வுழுந்துடுச்சு. கவிதாவுக்கு ஒரு போன் போட்டு, பீச்சாண்ட வரச் சொல்லு."

"பக்கத்துல கீறவளுக்கு நான் இங்கேர்ந்து போன் போடணுமா? இன்னாடா நடந்துச்சு? பல்லு ஏன்டா தந்தியடிக்குது?"

"ஒண்ணுமில்லம்மா, காத்து."

என் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்துச் செய்தி இப்படிக் கோட்டூர்புரம் போய்த் திரும்பி வந்தது. கவிதா ஆட்டோ ஓட்டுநர் மாதிரி தன் காரை மணலில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். அம்மா இன்னும் அவள் கைபேசியின் இணைப்பில் இருந்தாள். கவிதா என்னைத் திட்டவில்லை, வாஸ்து கிண்டல் எதுவும் இல்லை. என் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கைபேசியை என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"எங்கடா ஒக்காந்துக்கினு கீற?" என்றாள் அம்மா.

"மணல்லமா. கடல பாத்துக்கினு."

"இன்னும் இன்னா கடல பாக்குற? போதும். அந்தாண்ட திரும்பி ஒக்காரு."

போர்வையோடு திரும்பி உட்கார்ந்தேன். எதிரே கவிதா நின்றாள், அவளுக்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் எங்கள் வீட்டுக்குப் போகிற சாலை. அம்மா என் முதுகுக்குப் பின்னால், அந்தக் கடலையெல்லாம் தாண்டி, சுடச்சுட எதையாவது குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.