கணக்கெடுக்க வந்த டீச்சர்

"உன் மனசுல இருக்கறத எழுதாத. அவன் வாயில வர்றத எழுது" என்று சொல்லிக்கொண்டே உம்மே ஹானி டீச்சர் கரும்பலகையில் நான்கு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிறார். யாருக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்பது கேள்வி. மாம்பழத்துக்குக் கைகள் குவிகின்றன. பலாப்பழத்துக்குக் கை தூக்கியவன் ஒருவன்தான். வகுப்பு சிரிக்கிறது. "எதுக்குடா இளிக்கிறீங்க? இவன் ஒருத்தன விட்டா மொத்தக் கணக்கும் தப்பு."

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் வழியில் உள்ள ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு அவருடையது. வீடு ராயப்பேட்டையில். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. ஆனாலும் வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யார் யார் தால்ச்சாவை மறுபடி கேட்கிறார்கள் என்று கைதுடைக்கும் காகிதத்தில் கோடு போடுவார். கணவர் கலீமுல்லா, "பிரியாணி ஆறிப்போவுது, உன் பள்ளிக்கூடத்த மூட்ட கட்டு" என்பார். "ஆறட்டும், நீங்க தின்னுங்க" என்பார் இவர்.

புள்ளியியல் பாடம் வந்தால் பிள்ளைகளைத் தெருவுக்குக் கூட்டிப்போவது அவர் வழக்கம். தலைமையாசிரியர் முகம் சுளித்தாலும் விடமாட்டார். ஆளுக்கொரு பரீட்சை அட்டை, அதில் செருகிய தாள், சட்டையில் ஒரு பேட்ஜ். பேட்ஜில் 'கணக்கெடுப்பாளர்' என்று சிவப்பு மையில் அவரே எழுதியிருப்பார். "பேட்ஜ் குத்திவிட்டாத்தான் புள்ளைங்க நிமிந்து நிக்குதுங்க." வீடு பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும். மறுபடியும் பூட்டியிருந்தால் இன்னொரு தடவை. "பூட்டு பதில் சொல்லாது, ஆளப் பாத்துட்டு வா."

போன தை மாதம் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஆற்றோரக் குடியிருப்புக்குப் போனார்கள். வீட்டில் எத்தனை பேர், வேலைக்கு எதில் போகிறீர்கள், பிடித்த பழம் எது என்று மூன்றே கேள்விகள். அந்தக் கரையைக் காலி செய்யப் போகிறார்கள், அதற்கு முன் வீடு வீடாக எழுத வருவார்கள், அதில் பெயர் ஏறியவர்களுக்குத்தான் பெருங்குடிக்கும் அப்பால் மாற்று வீடு என்ற பேச்சு அங்கே ஏற்கெனவே இருந்தது. டீச்சர் காதிலும் விழுந்ததுதான். ஆனால் அதையும் இதையும் அவர் சேர்த்து யோசிக்கவில்லை.

ஜானகி அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். புருஷன் செத்த பிறகு தனி ஆள். எழுத வந்த மாணவி அன்புக்கரசியையும் அவள் பேட்ஜையும் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டோடு டீச்சரிடம் ஓடிவந்தாள். ஓட்டுப் பட்டியல் எழுதுவதும் மக்கள்தொகை எழுதுவதும் டீச்சர்கள்தானே.

"எம்பேரு வந்துட்ச்சா டீச்சர்?"

"வந்துடுச்சும்மா."

"அப்போ வேலைய உட்டுட்டு வூட்லயே குந்திக்கினு இருக்க வாணாம்ல?"

"எதுக்கு உக்காரணும்? எல்லாம் முடிஞ்சுது, நீ கெளம்பு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைச் சாப்பாட்டு மணிக்குள் பள்ளியில் சேர்க்க வேண்டிய அவசரம் டீச்சருக்கு.

மாசி பிறந்ததும் நிஜமாகவே எழுத வேண்டியவர்கள் வந்தார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் சின்னப்பையன் ஜானகிக்குப் போன் போட்டார். "நம்ம வூட்டதான் டீச்சரம்மா அன்னிக்கே எழுதிக்கினு போயிட்ச்சே மாமா" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரத்துக்குத் திரும்பினாள். வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், 'ஆள் இல்லை' என்று எழுதினார்கள், நகர்ந்தார்கள். வரிசையில் எல்லாக் கதவிலும் எண் விழுந்தது. அவள் கதவில் மட்டும் இல்லை.

செய்தியை வகுப்புக்குக் கொண்டுவந்தவள் அன்புக்கரசி. டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு, பிள்ளைகள் எழுதிய தாளைத் தேடி எடுத்துக்கொண்டு மாற்று வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போனார்.

"நான் நேர்ல பாத்தேன் சார். அந்தம்மா அங்கதான் இருக்குது. இதோ, அன்னிக்கே எழுதியிருக்கோம்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளை வாங்கிப் படித்தார். "சப்போட்டான்னு எழுதியிருக்கு. இத வெச்சு நான் எப்படிம்மா வீடு குடுக்கறது?" அவர் கேலி செய்யவில்லை. களைத்துப்போயிருந்தார்.

டீச்சர் மனு கொடுத்தார். மறுபடி போனார். அதற்கும் பிறகு போனபோது, "பட்டியல் மேல போயிடுச்சு மேடம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டார்.

பங்குனியில் பொக்லைன் வந்தது. பெயர் வாசிக்க வாசிக்கச் சனங்கள் சட்டிபானைகளோடு லாரியில் ஏறினார்கள். சின்னப்பையன் கோழிக்கூண்டை அணைத்தபடி ஏறினார். ஜானகி பெயரை யாரும் வாசிக்கவில்லை. அவளுடைய இரும்புக் கட்டிலும் அடுப்பும் சாலையோரம் கிடந்தன. அவள் கட்டில் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்தாள்.

"இன்னா டீச்சர், மறுபடி எழுத வந்துட்டியா? இன்னா பளம் புடிக்கும்னு கேட்டியே, நல்லா கேட்டியே!"

"ராத்திரி எங்க படுப்பே?"

"ஒனுக்கின்னா அது? அதையும் எழுதிக்கினு போவப்போறியா?"

"எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. சாமான் ஏத்த முனையில குட்டியானை வண்டி நிக்க வெச்சிருக்கேன்."

ஜானகி காறித் துப்பினாள். டீச்சர் காலடியில்தான் விழுந்தது. பின்னால் பொக்லைன் அவள் தகரக் கூரையை நசுக்கும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் புர்காவின் கைகளை முழங்கைவரை சுருட்டினார். குனிந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். ஜானகி மறுமுனையைத் தொடவில்லை. டீச்சரும் அதைக் கீழே வைக்கவில்லை.