கரண்ட் போனால் சாப்பாடு

எங்கள் பனியன் கம்பெனியில் சாப்பாட்டுக்கு மணி கிடையாது. கரண்ட் போனால் சாப்பாடு. காலை பத்து மணிக்கு மெஷின்கள் நின்றாலும் மேஸ்திரி கையைத் தட்டி, "சோத்தத் தின்னு முடிங்க, இதுதான் இன்னைக்கு லஞ்சு" என்பார். மூன்று மணிக்குப் போனால் அதுவரை பசி. கரண்ட் இல்லாத நேரத்துக்குக் கூலியும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, பனியன்களை விரித்துப் போட்டுக் கறையும் ஓட்டையும் பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்தேன். பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு நாலு மாதக் கைக்குழந்தை. பன்னிரண்டரைக்கு அவருடைய நாத்தனார் அதைக் கம்பெனி கேட்டுக்குத் தூக்கி வருவாள். அன்று கரண்ட் காலையிலேயே போய் வந்திருந்தால் மேஸ்திரி விட மாட்டார். "லஞ்சு முடிஞ்சுதுங்களே" என்பார். வெளியே குழந்தை அழும். உள்ளே அக்கா, கசியும் பால் வெள்ளைப் பனியனில் பட்டுவிடக் கூடாதென்று ரவிக்கைக்குள் வேஸ்ட் துணியைத் திணித்துக்கொண்டு கறை தேடுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மனு எழுதினேன். கரண்ட் இருந்தாலும் போனாலும் பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை சாப்பாட்டு நேரம். அதற்கும் கூலி வேண்டும். பெண்கள் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். நானே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எழுத்து முத்து முத்தா இருக்குது அம்மிணி" என்றார். "திங்கற நேரத்துக்கும் கூலியா? செரி, குடுத்தர்றேன். கரண்டு நின்ன நேரத்த மட்டும் சாயந்தரம் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

முன்பெல்லாம் கரண்ட் வரும்வரை காத்திருந்தாலும் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம். அந்த வாரம் தினமும் ஏழரை ஆனது. நாங்கள் ஊருக்குப் போகும் குன்னத்தூர் பஸ் போய்விட்டது. "ஏனுங்க டீச்சரம்மா, பஸ்ஸுக்கும் ஒரு மனுப் போட்டுருங்க, நிக்கட்டும்!" என்று ஒருத்தி என்னிடம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "நீ நல்லதுக்குத்தான் எழுதுன கண்ணு. எத்தன மணிக்கு ஊட்டுக்கு உடோணும்னு எழுதலியே?"

எழுதவில்லை. எழுத்துப் பிழைக்காக மூன்று முறை படித்துப் பார்த்தவளுக்குச் சாயந்தரம் என்று ஒன்று இருப்பது தோன்றவில்லை.

சனிக்கிழமை ஆறரைக்குக் குழந்தை கேட்டில் வந்து அழுதது. அக்கா எழுந்தார். மேஸ்திரி என்னைப் பார்த்து, "உங்க மனுவுல இது இல்லீங்களே" என்றார்.

"அவங்க வேலையும் நானே பாத்தர்றேனுங்க."

"போனா திங்கக்கெழம வர வேண்டாம்னு சொல்லுங்க."

அக்கா வேஸ்ட் துணியை உருவி மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது மனுவில் வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் எழுதியிருந்தேன். "உன்ற எழுத்தே வேண்டாஞ்சாமி" என்று பெண்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். என் ஒரு கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி அடியில் இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தார்.

"மத்தவீங்கல்லாம் எங்க அம்மிணி?"

"ஒருத்தங்க ஊட்டுல புள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருக்கறாங்க" என்றேன்.