கூலிக்கு ஒரு சுற்று

1998 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தையற்காரி தன் பழைய வேனை மெக்கானிக்கின் கொட்டகை முன் நிறுத்தினாள். வண்டி நின்ற பிறகும் எஞ்சின் அடங்காமல் இரைந்தது. தைத்த துணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோக அவளுக்கு வேறு வழியில்லை. அவள் வருமானமோ பெட்ரோலுக்கே போய்க்கொண்டிருந்தது.

"நிக்கிறப்பவே இப்படி இரையுது, ஐடில் வேகத்தைக் குறைச்சு விடுங்கண்ணே. மூணு பேர் திருகிப் பாத்துட்டாங்க."

"திருகித் திருகித் திருகாணிதான் தேஞ்சிருக்கு. கோளாறு அங்க இல்லம்மா, எங்கயோ திருட்டுக் காத்து உள்ள போகுது."

மெக்கானிக் ஒவ்வொரு ரப்பர் குழாயின் மேலும் தண்ணீர் தெளித்துக் காது கொடுத்தார். கார்புரேட்டருக்குக் கீழிருந்த குழாயில் தெளித்ததும் இரைச்சல் சட்டெனத் தணிந்தது. வெடித்திருந்த அந்தக் குழாயை மாற்றி, திருகாணியைச் சரிசெய்ததும் எஞ்சின் இருக்கும் இடம் தெரியாமல் ஓடியது. ஆனாலும் அவர் மற்றக் குழாய்களையும் தடவிப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். மூலையில் ஒற்றைத் தட்டும் ஒற்றைத் தம்ளரும் கவிழ்ந்திருந்தன.

"இன்னும் ஏதாச்சும் கோளாறாண்ணே?"

"ஒண்ணுமில்ல. பேச ஆள் கெடச்சுது, பாத்துட்டிருந்தேன்."

"கூலி எவ்வளவு?"

"குழாய்க் காசு போதும். கூலிக்கு ஒரு நாள் என்னை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வாம்மா. ஊர் வண்டியெல்லாம் ஓட விட்டுட்டு நான் இங்கயே கெடக்கேன்."

"அதுக்கென்னண்ணே, இந்த ஞாயித்துக்கிழமையே போவோம்."

அந்த ஞாயிறு அவசரத் தையல் வந்துவிட்டது. அதன்பின் எத்தனையோ முறை அவள் வண்டியைப் பழுதுபார்க்க வந்தாள். ஒவ்வொரு முறையும் சாவியைத் தருமுன் அவர் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையையும் துடைத்துவைப்பார். கொட்டகை ஒரேயடியாகப் பூட்டப்பட்ட நாள்வரை அந்தச் சுற்றை மட்டும் அவர் மறுபடி கேட்கவேயில்லை.