மீசை இல்லாத அப்பா

நான்கு வயதில் எனக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோதான். அசல் அப்பா ரிக் லாரியில் போர்வெல் கிணறு போட வடக்கே போயிருந்தார். புதுச்சத்திரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பாதி வீட்டு அப்பாக்கள் அப்படித்தான். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர் திரும்புவார்கள். நான் மறந்துவிடக் கூடாதென்று அம்மா சோறூட்டும்போதெல்லாம் போட்டோவைக் காட்டி, "ஆரு சாமி இது?" என்பாள். "அப்பா" என்றால் அடுத்த வாய் கிடைக்கும்.

அந்தப் போட்டோவில் ஒரு வில்லங்கம் இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு முகச்சவரம் செய்யும் சீரில், சுற்றி நின்றவர்களின் கேலிக்கு நடுவே சவரக்காரரின் கை பிசகி, மீசையில் ஒரு பக்கம் போய்விட்டதாம். மறுபக்கத்தையும் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்பா மீசையில்லாமல் இருந்த அந்தச் சில நாள் முகம்தான் சட்டத்துக்குள் நிலைத்துவிட்டது. அவருக்கு அந்தப் போட்டோவைக் கண்டாலே ஆகாது. எனக்கோ அதைத் தவிர வேறு அப்பா தெரியாது.

லாரி வந்த அன்று ஊரே ரோட்டில் நின்றது. புழுதி படிந்த தாடி மீசைகளாக இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து என்னை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, கடைசியாக இறங்கிய, மீசை முளைக்காத கிளீனரின் காலைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்றேன்.

"அண்ணா, உங்க புள்ள அப்பனையே மாத்திப்போட்டாளுங்க!" என்று அத்தை சிரித்தாள். கிளீனர் பதறிப்போனானாம். அப்பாவும் சிரித்தார் என்கிறார்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே எவ்வளவு ஞாபகம் என்று தெரியவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் அத்தை சொல்லிச் சொல்லி என்னுடையதாகிவிட்டது. நினைத்தால் ஓடுகிற என் முதுகு தெரிகிறது. சொந்த முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? நீட்டிய கைகளை அப்பா எப்படி மடக்கிக்கொண்டார் என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

எனக்கே எனக்கென்று இருக்கும் ஞாபகம் அடுத்து வந்த வருடங்களுடையது. லாரி வந்துவிடும், அப்பா வரமாட்டார். மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பாவின் இடுப்பில் ஏறியிருக்க, நான் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெகுநேரம் கழித்து மெயின்ரோட்டு சலூனிலிருந்து தாடியும் மீசையும் மழித்து, பவுடர் பூசிக்கொண்டு நடந்து வருவார்.

"ஏனுங்கண்ணா, மீசைய வடக்கயே தொலைச்சுப்போட்டீங்களா?" என்று அத்தை வம்பிழுப்பாள். அவர் என்னை நோக்கிக் கைகளை நீட்டுவார். இப்போது லாரி வேலையை விட்டு ஊரோடு இருக்கிறார். இன்றும் மீசை வைப்பதில்லை. அவர் முகம் என்றால் ஊருக்கே இப்போது அதுதான்.

அப்படிக் காத்து நின்ற வருடங்களில் ஒருமுறை எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் தூரத்தில் வரும்போது ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். கிட்டே வந்ததும், "நாங்க இங்க காத்துட்டு நிக்கறது தெரியாதா? சலூன்தான் முக்கியமா உங்களுக்கு?" என்றேன்.

"நீயி அப்பாகிட்ட ஓடி வரோணுமல்ல, சாமி" என்றார்.

நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெரிய மனுஷி. அவரை எந்த முகத்திலும் எனக்குத் தெரியும். சலூனுக்கும் நான் ஓடி வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல், அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.