பால் தேத்தண்ணி நிறத்தில் எஞ்சின் ஒயில்

கண்டியில் கராஜ் வைத்திருந்த காலத்தில் பஸ், வேன், திரீவீலர் என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். போட் எஞ்சின் பார்த்தது தெல்தெனியவில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ராமசாமி முதலாளியால்தான். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட அவரிடம் ஒரு போட் இருந்தது. டீசல் எஞ்சின்.

நான் போனபோது முதலாளி ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒயில் பால் தேத்தண்ணி போல இருந்தது.

"தண்ணி கலந்திருக்கு முதலாளி," என்றேன்.

"தானாக் கலக்கல பாஸ், கலந்திருக்காங்க. இவன்தான். தீவாளிக்கு லீவு கேட்டான், நான் குடுக்கல. அந்தக் கோவம்."

அவர் கை காட்டியது போட் ஓட்டும் சிவாவை. ரெண்டு பிள்ளைக்காரன். துடுப்பைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான்.

"நீங்க பாத்து, எஞ்சின்ல பழுதில்லன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமையோட இவன அனுப்பிடுறேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. பழுது பார்க்கக் கூப்பிட்டாரா, தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டாரா? எஞ்சினைக் கரைக்கு இறக்கினேன். தண்ணீர் ஒயிலுக்குள் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஒயில் கூலரில் காற்றை ஏற்றி, தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. எஞ்சினில் பழுதே இல்லை. சிவாவின் முகம் இன்னும் கறுத்தது.

கடைசியாக, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றினேன். ஒயில் உறிஞ்சும் குழாயின் வலை வடிகட்டியில் ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தால் துளசி இலை. கேஸ்கட் போனால் தண்ணீர் வரும், துளசி வராது.

"போட்ல பூஜை யாரு பண்றது?" என்று சிவாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"முதலாளிதாங்க. வெள்ளிக்கிழமையில எங்கள எறங்கச் சொல்லிட்டு தனியா பண்ணுவாரு."

சம்பைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, எஞ்சினைத் திரும்பப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை காலை புது ஒயில் ஊற்றிவிட்டு, "முதலாளி, வழக்கம்போல பூஜையப் பண்ணுங்க, பிறகு ஸ்டார்ட் பண்ணலாம்," என்றேன். நானும் சிவாவும் இறங்கவில்லை.

முதலாளி சூடம் காட்டினார், எஞ்சினுக்குப் பொட்டு வைத்தார். பிறகு மிகுந்த பக்தியோடு ஒயில் மூடியைத் திருகித் திறந்து, கையிலிருந்த பூஜைச் செம்பைச் சாய்த்தார். நான் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். புது ஒயில் அல்லவா!

"என்ன முதலாளி இது?"

"கோயில் தீர்த்தம் பாஸ். மேல தெளிச்சா சூட்டுல காஞ்சிருது. உள்ள போனாத்தான எஞ்சினுக்குச் சேரும்?"

சட்டைப் பையிலிருந்த துளசி இலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவா சிரிப்பை அடக்க ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கொஞ்சந்தான ஊத்துனேன்," என்றார்.

"வாராவாரம் ஒரு செம்பு."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சிவா, நீ வேலைக்கு வா. தீவாளிக்கு லீவும் எடுத்துக்க." பிறகு என் காதருகே குனிந்து, "அப்ப திருநீறு போடலாமா பாஸ்?" என்று கேட்டார்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். ஒயிலில் தண்ணீர் கலந்தால் கேஸ்கட்டைப் பாருங்கள், கூலரைப் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால், அந்த எஞ்சின் மீது யாருக்கு அதிகப் பாசம் என்று விசாரியுங்கள். கோபக்காரனை அதற்குப் பிறகு சந்தேகிக்கலாம்.