கொக்கி ஊசியும் என் நிற்றிங் பெருமையும்

கல்யாணத்துக்கு முன் மலைநாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்தேன். குளிருக்குப் பயந்து அங்கே நிற்றிங் என்ற கம்பளிப் பின்னல் பழகினேன். கல்யாணமாகி மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்தபோது இரண்டு நீள ஊசிகளும் ஒரு பெட்டி கம்பளி நூலும் கூடவே வந்தன. அந்த வெக்கைக்குள் சுவெற்றர் பின்னத் தெரிந்த ஒரே மருமகள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கணவரின் அக்கா குரோசே பின்னுவார். மெல்லிய வெள்ளை நூல், நுனி வளைந்த ஒரு சின்னக் கொக்கி ஊசி, அவ்வளவுதான்.

"இது நிற்றிங்கில பாதி வேலைதானே மச்சாள்? எனக்கு ரெண்டு ஊசி, உங்களுக்கு ஒண்டு" என்றேன்.

"அப்பிடியோ புள்ள? அப்ப சேர்ச் மேசைச்சீலைக்கு ஒரு பக்கத்துக் கரையை நீ பின்னித் தாவன்."

வெள்ளை நூலை என் நீள ஊசிகளில் ஏற்றினேன். நாலு விரலகலம் வந்ததும் அது பாய் மாதிரிச் சுருண்டது. அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து எடுத்தேன். எடுத்ததும் திரும்பவும் சுருண்டது. எல்லாம் முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு பின்னினேன்.

ஒரு பின்னேரம் வாவிக்கு அங்காலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. யுத்தம் நடந்த அந்த நாட்களில் என்ன செய்வதென்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கையில் இருந்ததோடு உள்ளே ஓடிச் சுவரோரம் குப்புறப் படுத்தோம். சத்தம் அடங்கி எழும்பிப் பார்த்தால் என் ஊசி பின்னலிலிருந்து உருவிப்போய்க் கிடந்தது. வரிசை முழுக்க வாய் திறந்த நூல் கண்ணிகள். ஒன்றைப் பிடிக்க மற்றது கழன்றது. வெடிக்கு அழாத நான் விம்மி அழுதேன்.

கணவரின் அப்பா, என் மாமா, பதறி ஓடிவந்தார். "என்ன புள்ள? எங்க பட்டது?"

"கண்ணியெல்லாம் போயிற்று மாமா!"

"ஐயோ, கண்ணா?" அவர் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இமையை விரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மச்சாளின் ஊசியும் விழுந்துதான் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கொக்கியை ஒரே ஒரு கண்ணிக்குள் விட்டு, விட்ட இடத்திலிருந்து பின்னினார். எனக்கு ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் காத்து நிற்க வேண்டும். அவருக்குத் திறந்திருப்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவ்வப்போதே பூட்டுப்பட்டுவிடும். பாதி வேலை என்று நான் சொன்னது பாதியல்ல, முழுக்க வேறொரு வேலை.

"எனக்கும் பழக்கி விடுங்க மச்சாள்" என்றேன்.

முதலில் ஒரு வட்டம் பின்னச் சொன்னார். என் இடதுகை, அங்கே இல்லாத இரண்டாவது ஊசியைத் தேடியது. வட்டம் தட்டையாக வராமல் கிண்ணமாகக் குவிந்தது.

"சுத்து பெருக்கக் கண்ணியையும் கூட்ட வேணும் புள்ள" என்றார் மச்சாள். மாமா அதைத் தலையில் போட்டுப் பார்த்து, அளவு சரி என்று மாரி முழுக்கத் தொப்பியாக வைத்துக்கொண்டார்.

மேசைச்சீலையில் என் பக்கத்தையும் கொக்கி ஊசியால் எப்படியோ முடித்தேன். சேர்ச்சில் விரித்த அன்று நேரத்தோடு போய் முன்வரிசையில் இருந்தேன். மச்சாள் என் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி விரித்திருந்தார். ஆராதனை முடியும் வரை கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒரு நூல்கூடத் தெரியவில்லை.